பத்து நாள் அன்பு போதுமா?



கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் கதவடைக்கும் இவ்வேளையில், நல்ல மனமுள்ள வாலிபர் பலருக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "விடுமுறையை வீணாய்ப் போக்காமல், தாய் தகப்பனில்லாத பிள்ளைகளோடு பத்து நாள் தங்கி, பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுத்து வருவோமே" என்று எண்ணுகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இப்படி வருகிறவர்கள் உண்டு. அயல்நாட்டில் குடியேறிய நம்மவர்கள் ஊருக்கு வரும்போது, தங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இல்லங்களுக்குப் போவதுண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பயணம் ஏற்பாடு செய்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆட்களை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் நிறுவனங்கள்கூட இருக்கின்றன.

ஆசை நல்லதுதான். அதைப் பரிகசிக்க இதை எழுதவில்லை. ஆனால் நல்ல ஆசையெல்லாம் நல்ல செய்கையாகிவிடுமா? பத்து நாள் வந்து போகும் அன்பு அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்கிறதா, அல்லது நமக்கு மாத்திரம் நன்மை செய்கிறதா? இதைச் சற்று நிதானமாய் யோசித்துப் பார்ப்போம்.

தூரதேசத்துக்குப் போக வேண்டாம். நம் கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் மாதம் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே தெருவில் பல வீடுகளில் பந்தல் போட்டிருந்தது. பலர் தகப்பனை இழந்தார்கள். சில பிள்ளைகளுக்குத் தாயும் போய்விட்டாள். அந்நாட்களில் அமைச்சர்களும், கட்சித் தலைவர்களும், நடிகர்களும், பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. அது வேண்டிய உதவி, வரவேற்கத்தக்கது.

ஆனால் வாசகரே, வந்த வண்டிகளெல்லாம் திரும்பிப் போன பிறகு, அந்தப் பிள்ளைகளை இராத்திரியில் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டது யார்? பாட்டிகள், சித்திகள், மாமன்மார், அண்டை வீட்டார். அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் பெரிய எழுத்தில் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் விழித்திருந்தவர்கள் அவர்களே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் வாலிபத்தில், ஒரு மே மாதம் நண்பர்கள் சிலரோடு ஒரு குழந்தைகள் இல்லத்தில் பத்து நாள் தங்கினேன். எந்த ஊர், எந்த இல்லம் என்பது வேண்டாம். தவறு அவர்களுடையதல்ல, என்னுடையது. அங்கே ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். முதல் நாளே வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டான்; பத்தாம் நாள் வரை விடவில்லை. சாப்பாட்டுக்கும் என் பக்கம், விளையாட்டுக்கும் என் பக்கம். புறப்படும் நாளில், "அண்ணா, மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்டான். "அடுத்த மாசம்" என்றேன். அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது. ஊருக்கு வந்தேன், வேலை கிடைத்தது, மாதங்கள் ஓடின. நான் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு காரியமாய் அவ்வழியே போனபோது உள்ளே நுழைந்தேன். அன்று அங்கே வேறொரு கூட்டம் வந்திருந்தது. அந்தப் பையன் புதிதாய் வந்த ஒருவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, என்னிடம் வரவில்லை. "எவ்வளவு பாசமான பிள்ளை, பார்த்தவுடனே ஒட்டிக்கொண்டான்!" என்று அந்தப் புதியவர் மகிழ்ந்து சொன்னார். நானும் முன்பு அதையே சொல்லி மகிழ்ந்தவன்தான்.

அது முழுக்கப் பாசமல்ல என்பதைப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். தன் தாய் மடியில் வளரும் பிள்ளை அந்நியரைக் கண்டால் முதலில் தயங்கும். தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். வருகிறவர் எல்லாரிடமும் ஒரே கணத்தில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளையோ, பெரும்பாலும் பலமுறை பிரிந்து பழகிய பிள்ளை. 1951-ல் ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில், நிலைத்து நிற்கும் ஒருவருடைய அன்பு சிறு பிள்ளையின் மனவளர்ச்சிக்கு எவ்வளவு அவசியமென்று எடுத்துக்காட்டினார். பின்னர் ருமேனியா நாட்டுத் தலைநகரான புக்கரெஸ்டில், இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளை வைத்து 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அவர்களில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் உறவிலும் தேறினார்கள்; இரண்டு வயதுக்குமுன் போனவர்கள் இன்னும் நன்றாய்த் தேறினார்கள். சோறும் துணியும் கூரையும் இருந்தால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடுவதில்லை. போகாமல் இருக்கிற ஒருவர் வேண்டும்.

ஆகவே, பத்து நாளில் ஒரு பிள்ளையின் மனத்தைக் கவர்ந்துவிட்டுப் பதினோராம் நாள் மறைந்துபோகிறவன், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் கெட்டவனல்ல. ஆனாலும் அடி விழுந்த இடத்திலேயே மறுபடியும் அடி விழுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. நாம் "அநாதை" என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகளா? உலகெங்கும் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்து பேரில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடிருப்பதாக, 2009-ல் 'சேவ் த சில்ரன்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை கூறியது. கம்போடியா தேசத்தில் 2005 முதல் 2010 வரை, ஐந்தே ஆண்டுகளில், இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகிற்று. அங்கே அநாதைகள் பெருகவில்லை. அநாதைகளைப் பார்க்க வரும் பயணிகளும் அவர்கள் தரும் பணமும் பெருகின. பிள்ளை இருக்குமிடத்துக்குப் பணம் வருமென்றால், பணத்துக்காகப் பிள்ளையைத் தேடுகிறவனும் வருவான். வறுமையில் தவிக்கும் தாயிடம், "உன் மகனை எங்களிடம் விடு, நன்றாய்ப் படிக்கவைப்போம்" என்பான். இதனால் 2017-ல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று இந்தத் தீமையைப் பற்றி விரிவாய் எழுதியது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் இவ்வகைத் தொண்டுப் பயணங்களால் பிள்ளைகளுக்கு நேரும் கேட்டைக் குறித்து எச்சரித்தது.

நம் கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-ல்தான் விடுபட்ட மலை அது. அங்கே தகப்பனும் தாயும் பிழைப்புக்காகக் கீழ்நாட்டுக்கோ வேறு மாநிலத்துக்கோ போகும்போது, பிள்ளை பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்குகிறது. அது அநாதைப் பிள்ளையல்ல. அதன் தாய் மூட்டை சுமந்து பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பெரியார் அருவியைப் பார்க்க வந்து, வழியில் நோட்டுப் புத்தகம் கொடுத்து, "பாவம், யாருமற்ற பிள்ளைகள்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளும்போது, இருக்கிற தாயை நாம் இல்லாதவளாக்கிவிடுகிறோம். இதுவும் ஒரு பொய்ச் சாட்சியல்லவா?

ஒருவேளை நீங்கள் கேட்கலாம்: "அப்படியானால் யாருமே போகக்கூடாதா? ஒன்றும் செய்யாதிருப்பதைவிடப் பத்து நாளாவது செய்வது மேல் அல்லவா? நாங்கள் போகாவிட்டால் அங்கே அடுப்பு எப்படி எரியும்?"

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் ஊர்களில் எத்தனையோ இல்லங்கள், பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் வருகிறவர்கள் கொடுக்கும் சாப்பாட்டால்தான் மாதத்தை ஓட்டுகின்றன. அங்கே உழைக்கும் கன்னியரும் காப்பாளரும் சமையற்காரம்மாவும் இரவும் பகலும் தேய்கிறார்கள். அவர்களைக் கைவிடச் சொல்லவில்லை.

உதவிகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கொடுத்தவர் போன பிறகும் நிற்கிற உதவி ஒன்று. கொடுத்தவர் போனதும் காயமாகிற உதவி மற்றொன்று. அரிசி மூட்டை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கிணற்று மோட்டாரைப் பழுதுபார்த்தவன் போய்விட்டால் எந்தப் பிள்ளையும் அழாது, தண்ணீர் வரும். கணக்கு எழுதிக் கொடுங்கள், கூரை மாற்றுங்கள், கண் மருத்துவரை அழைத்து வாருங்கள், காப்பாளருக்கு நல்ல சம்பளம் கிடைக்க வழி செய்யுங்கள். இவையெல்லாம் பத்து நாளில் செய்யக்கூடியவை. ஆனால் அண்ணன் என்றும் அக்காள் என்றும் ஒரு பிள்ளையின் மனத்தில் இடம் பிடிப்பது பத்து நாள் வேலையல்ல. அதைத் தொடங்குகிறவர் தொடர வேண்டும். தொடர முடியாதவர் தொடங்காதிருப்பதே தர்மம்.

தூரத்திலிருந்து வர எண்ணுகிறவர் இன்னொரு கணக்கும் பார்க்கட்டும். உறவினரிடம் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டிருக்கிறது. வருடத்துக்கு 48,000 ரூபாய். அமெரிக்காவிலிருந்து ஒருவர் கோடையில் வந்து போகும் விமானக் கட்டணம் பெரும்பாலும் இதற்கு மேல்தான் ஆகும். ஒருவருடைய பயணச் செலவு, ஒரு பிள்ளையை ஒரு வருடம் தன் பாட்டியின் வீட்டிலேயே வைத்திருக்கப் போதுமானது. எது பெரிய அன்பு?

வெளிநாட்டிலிருந்து வரவே கூடாதென்றும் சொல்லவில்லை. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்; ஆனால் நமக்கெல்லாம் பாடமாக வாழ்ந்தவர். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை ஏற்று வளர்த்தார். வந்தவர் ஒரு தடவைகூட விடுமுறையில் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 55 ஆண்டுகள் இருந்து, 1951-ல் அங்கேயே இறந்தார். தம் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள், பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். அந்தச் சொல்லைச் சம்பாதிக்க 55 வருடம் ஆயிற்று.

நம்மில் எல்லாராலும் அது முடியுமா? முடியாது, தேவையுமில்லை. பத்து நாளுக்கும் 55 வருடத்துக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்து வருடம். அதுவும் ஒரு படி. கள்ளக்குறிச்சியில் இருப்பவருக்குக் கருணாபுரம் நடந்துபோகும் தூரம். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் போகலாம். பக்கத்தில் இருப்பவரே நிலைத்து நிற்கக்கூடியவர். ஆதலால் இந்தக் கடன் முதலில் நம்மேல் விழுகிறது, விமானத்தில் வருகிறவர்மேல் அல்ல.

அந்தப் பாட்டிக்கு உதவி செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் அரசு உதவிக்கு மனு எழுத வேண்டும். வங்கிக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் அவளோடு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது, பிள்ளைக்குப் பத்துப் பொம்மை கொடுப்பதைவிடப் பெரிய உபகாரம். யாருமில்லாத பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். இல்லத்துக்கு உதவுமுன், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டுமென்று அச்சட்டமே சொல்கிறது. பிள்ளைகளைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டாதீர்கள். உங்கள் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது அந்நியன் படம் எடுத்தால் சகிப்பீர்களா?

அந்தப் பையன் இப்போது பெரியவனாயிருப்பான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. இந்தக் கோடையில் ஒரு பிள்ளையைத் தேடிப் போக நினைக்கிறவரே, வாசற்படியில் கால் வைக்குமுன் அந்தக் கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: "மறுபடி எப்ப வருவீங்க?" உண்மையான தேதி ஒன்றைச் சொல்ல முடியுமானால், போங்கள், அந்தத் தேதியில் மறுபடியும் போங்கள். சொல்ல முடியாவிட்டால், பிள்ளையின் விரலைப் பிடிக்காமல், அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் கைகளைப் பலப்படுத்துங்கள்.