வாயிலாரும் லாக் புக்கும்

பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் வலம் வரும் அறுபத்துமூவரில் வாயிலார் நாயனார் உள்ளூர்க்காரர். மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பி, அன்பையே அமுதாகப் படைத்தவர். அந்தப் பூசைக்கு வெளியே ஒரு சாட்சியும் கிடையாது. ஆனாலும் சுந்தரர் அவரைத் தொண்டர் வரிசையில் சேர்த்தார். சேக்கிழார் வரலாறு எழுதினார்.

மருத்துவ மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. 2019-இல் வந்த திறன்வழிப் பாடத்திட்டம் லாக் புக்கைக் கட்டாயமாக்கியது. என்ன செய்தார், எந்தத் தேதியில், முதல் முயற்சியா மறுமுயற்சியா, எதிர்பார்த்த தரத்துக்குக் கீழா மேலா என்று கட்டம் கட்டமாக நிரப்பி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பட்ட மேற்படிப்புக்கான 2023 விதிகள் இதை மின்பதிவேடாக்கி, வாராவாரம் பதியச் சொல்கின்றன.

‘அனுபவத்தைக் கட்டத்துக்குள் அடைக்கலாமா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அடைக்கத்தான் வேண்டும். வாயிலாரின் மனத்தைப் பார்க்க இறைவன் இருந்தார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக் கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருப்பவரால் ஹவுஸ் சர்ஜனின் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஊசி பிடிக்கும் கை ஏற்கெனவே பழகிய கைதானா என்பதற்கு அவருக்கு யாராவது சாட்சி சொல்லியாக வேண்டும். பதிவேடு இல்லாத நாட்களில் எந்த கேஸ் யார் கைக்கு வரும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம், இல்லையென்றால் முண்டியடிக்கும் சாமர்த்தியம்.

சிக்கல் வேறிடத்தில். 2018-இல் இந்திய மருத்துவக் கவுன்சில், மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்காக 27 பாடக்கூறுகளை வெளியிட்டது. நல்ல காரியம், கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதைப் படித்தாவது தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த வகுப்புகளும் லாக் புக்கில் ஏறுகின்றன. மாணவர் தன் மனம் என்ன உணர்ந்தது என்று எழுதிக் காட்ட வேண்டும். தையல் போட்டதை ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இரக்கத்தை? ஆறே வரியில் உருக்கமாக எழுதத் தெரிந்தவருக்கும் உண்மையில் உருகியவருக்கும் கிடைப்பது ஒரே கையெழுத்துதான். உருகிவிட்டு எழுத வராதவர் பாடுதான் திண்டாட்டம்.

முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் வி. சாந்தா அறுபதாண்டுக்கு மேல் பணியாற்றினார். அவர் அளித்த சிகிச்சைகளைப் பட்டியல் போட்டுவிடலாம். நோயாளியின் கட்டிலருகே அவர் நின்ற நேரத்தை எந்தக் கட்டத்தில் பதிவது? அந்தக் கட்டத்தையும் படிவத்தில் சேர்த்துவிட்டால், அடுத்த தலைமுறை நிற்பது நோயாளிக்காகவா, கையெழுத்துக்காகவா என்று ஆசிரியருக்கும் தெரியாது. சில காலம் கழித்து, நிற்பவருக்கே தெரியாமல் போகலாம்.