எத்தனை குண்டு, எத்தனை நிமிடம்

காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கக் கிளம்பிய நாங்கள் இருவரும் கொடைக்கானல் நாயுடுபுரத்துச் சரிவில் அப்படியே நின்றுவிட்டோம். சாலைக்குக் குறுக்கே ஒரு காட்டுமாடு. முழுதாக வளர்ந்த காளை. அதன் திமில் மேடு என் தலைக்கு மேலே இருந்தது. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெள்ளை. யாரோ வேலியோரம் கொட்டியிருந்த முட்டைக்கோஸ் தழையை அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்றவன் என் தங்கை மகன். டெக்சஸில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். மெதுவாகக் கேட்டான்: "மாமா, இத நாப்பத்திநாலு மேக்னம் சாய்ச்சிருமா? இல்ல ஐந்நூறுதான் வேணுமா?"

நல்ல பிள்ளை. அங்கே சனிக்கிழமைகளில் நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறான். ரைஃபிளை விட்டுவிட்டு ரிவால்வரோடு போகிறான். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. முந்தின இரவு ஒரு படம் காட்டினான்: தரையில் கிடக்கும் பன்றி, அதன் விலாவின்மேல் வைத்த ரிவால்வர், பக்கத்தில் மண்டியிட்டுச் சிரிக்கும் இவன். அடுத்து வாங்கப்போவது எந்த ரிவால்வர் என்பதுதான் ஆறு மாதமாக அவனுக்குள் ஓடும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் முகம் சுளிக்கவில்லை. அதற்குள் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. சின்னக் குண்டு மிருகத்தைக் குற்றுயிராக விட்டுவிடும், பெரிய குண்டு சட்டென்று முடித்துவிடும் என்று நம்புகிறான். மிருகத்தின் வலியையும் கணக்கில் சேர்க்கிறான். சேர்ப்பவனிடம்தான் அந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்கச் சொல்ல முடியும்.

நம் நாட்டில் தற்காப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் இருப்பது .32 ரிவால்வர். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் குண்டுக்குள்ள ஆற்றல் சுமார் 175 ஜூல். 1950-களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் வந்த .44 மேக்னம் ஆயிரம் ஜூலைத் தாண்டும். அதே நிறுவனம் 2003-ல் கொண்டுவந்த .500 மேக்னத்தின் குண்டு அரை அங்குலத் தடிமன். ஆற்றல் 3,500 ஜூல் அளவுக்குப் போகும். நீளக் குழல் பொருத்திய அந்த ரிவால்வர் இரண்டு கிலோ கனம், ஐந்தே தோட்டா. இவ்வளவையும் 1912-ல் வந்த .375 ரைஃபிளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதன் ஆற்றல் 5,800 ஜூலை நெருங்கும். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பெரிய மிருகங்களைச் சுட இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. கையில் பிடிக்கும் துப்பாக்கிகளின் உச்சம் என்று அவன் ஏங்குகிற ரிவால்வர், நூறு வருடத்துக்கு முந்தைய ரைஃபிளை எட்டவில்லை.

ஆற்றலைவிட முக்கியமானது குறி. ரிவால்வரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். கை நடுங்கி அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு 25 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இதைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். பன்றியின் உடம்பில் அந்த 25 சென்டிமீட்டர் என்பது இதயத்துக்கும் குடலுக்கும் உள்ள வித்தியாசம். தோளில் பதித்துச் சுடும் ரைஃபிளில் குறிகளின் இடைவெளி மூன்று மடங்கு இருந்தால் பிசகு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். குறி தப்பாமல் பட்டாலும் சாவு உடனே வருவதில்லை. இதயம் கிழிந்த மான்கூட மூளையில் மிச்சமிருக்கும் உயிர்வளியை வைத்துப் பத்து வினாடிக்கு மேல் ஓடும். காட்டுமாட்டுக்கு இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. அதற்கு முன்னால் தோள் எலும்பும் ஒரு டன் வரை போகும் உடம்பின் தசையும் நிற்கின்றன.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் விடவில்லை. "ரைஃபிள்ல யார் வேணா சுடலாம் மாமா. ரிவால்வர்னா கிட்டப் போகணும், மூச்சப் பிடிக்கணும். மிருகத்துக்கும் ஒரு சான்ஸ் குடுக்கிறோம்ல?"

இந்தச் 'சான்ஸ்' என்ற சொல்லைத்தான் நான் அவனை யோசிக்கச் சொன்னேன். பழனி மலைக்கு மேலேயும் கீழேயும் வேட்டையைப் பெருமையாகப் பேசும் எல்லாரும் இதே சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள். நீ கொடுக்கும் சான்ஸ் என்ன? உன் ஆயுதம் மோசமாக இருப்பதால் மிருகம் முழுதாகத் தப்பிப்பதற்கு வழி கொஞ்சம் கூடுகிறது, சரி. அதோடு அரைகுறையாக அடிபட்டு ஓடுவதற்கான வழியும் கூடுகிறதே? வேலையைக் கடினமாக்கிக்கொண்டது நீ. அந்தக் கடினத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி உனக்கு. கடினத்தால் வரும் தவறு மட்டும் ஏன் அதன் வயிற்றில் போய் விழவேண்டும்? அப்புறம் அந்தத் தவறைக் குறைக்க இன்னும் பெரிய குண்டைத் தேடுகிறாய். குழலைக் குட்டையாக்கியதால் வந்த கொடுமையைக் குண்டைத் தடிமனாக்கிச் சரிசெய்யப் பார்க்கிறாய். வலி குறையவேண்டும் என்பதுதான் உன் நோக்கம் என்றால் முதல் நாளே ரைஃபிளை எடுத்திருப்பாய். அதையும் தாண்டி யோசித்திருந்தால் சுடாமலே திரும்பியிருப்பாய்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இடம் இருந்தது. அப்போதே 17-வது பிரிவு பெரிய வேட்டை மிருகங்களை ரைஃபிளால் மட்டுமே சுடவேண்டும் என்றது. உரிமத்தில் தனியாக அனுமதித்தால், ஒற்றைக் குண்டு போட்ட ஷாட்கன். ரிவால்வருக்கு அங்கே இடமே இல்லை. வண்டியிலிருந்து சுடாதே, விளக்கடித்துச் சுடாதே, உப்பு நக்கவோ தண்ணீர் குடிக்கவோ வரும் இடத்தில் சுடாதே என்றும் அதே பிரிவு சொன்னது. 1991-ல் அந்த உரிமப் பிரிவுகள் மொத்தமாக நீக்கப்பட்டன. இன்று காட்டுமாடு முதல் அட்டவணையில் இருக்கிறது; கொன்றவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2013-ல் கொடைக்கானல் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அவன் கேள்விக்கு இந்த மலையில் சட்டப்படி ஒரே விடைதான். ஆனால் சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் கை அடங்குகிற மனிதனை நான் நம்பமாட்டேன். நாளைக்கே சட்டம் மாறினால் அவன் கை எங்கே போகும்?

பேரிஜம் ஏரிப் பக்கம் ஃபோர்ட் ஹாமில்ட்டன் என்று ஓர் இடம் உண்டு. 1860-களில் பழனி மலையை ஆராய்ந்து சென்னை அரசுக்கு அறிக்கை எழுதிய டக்ளஸ் ஹாமில்ட்டன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர் அது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் சுட்டவற்றின் நாட்குறிப்பு 1892-ல் புத்தகமாக வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் வேட்டைக்கு இருக்கும் சொல் விளையாட்டு என்று பொருள்படுவது. வெள்ளைக்காரன் அப்படி எழுதினான் என்று அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. புலியின்மேல் கால் வைத்து நிற்கும் ஜமீன்தார் படங்கள் நம் வீடுகளில்தான் தொங்கின. ஆயுத பூஜைக்கு நாட்டுத் துப்பாக்கிக்குச் சந்தனம் தடவியவர்கள் நாம்தான். இருவருக்கும் பொது நம்பிக்கை ஒன்று உண்டு: கொல்லத் தெரிந்தவன் உயர்ந்தவன். அதற்கு ஒரு சான்றுகூட யாரும் காட்டியதில்லை.

"வேட்டை மனுஷனோட ரத்தத்துல இருக்கு மாமா" என்றான். இருக்கட்டும், இந்த மலையின் பழைய குடிகளையே பார்ப்போம். பழனி மலைப் பளியர்கள் கிழங்கு அகழ்ந்தவர்கள், தேன் எடுத்தவர்கள். சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்றும் இருக்கிறார்கள். அவர்களைச் சைவப் புனிதர்களாக்க நான் முயலவில்லை. 1960-களில் பளியர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப் போய்விடும் அவர்கள் பழக்கத்தைப் பதிவு செய்தார். அது பயந்தாங்கொள்ளித்தனம் என்று சமவெளியில் நினைப்பார்கள். ஆனால் காட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள், கொல்வதைப் பெருமையாக்காமலே பிழைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் இருப்பது பசி. பெருமையை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இனி, எங்கள் வாதத்தை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த பால்காரரைப் பற்றி. "காட்டெருமைதானே சார்" என்றார். அந்த விலங்கு எருமையே இல்லை. நாட்டுப் பசுவும் காட்டுமாடும் ஒரே பேரினம்; எருமை வேறு பேரினம். பெயரில் என்ன என்று விடுவதற்கில்லை. 2016 ஜூனில் பீகார் மொகாமாவில் பயிரைத் தின்ற நீல்காய்கள் இருநூறுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டன. நீல்காய் என்பது ஓர் இரலை வகை. ஆனால் 'காய்' என்றால் இந்தியில் பசு. அந்த ஒரு சொல்லுக்காகவே வடக்கே பல விவசாயிகள் அதைத் தொடப் பயந்தார்கள். பெயரை மாற்றினால் தீர்வு வரும் என்று அரசுகளே யோசித்தன. அங்கே பசு அல்லாத ஒன்றைப் பசு என்ற பெயர் காத்தது. இங்கே பசுவின் ரத்த உறவை எமன் வாகனமாக்கிப் பேசுகிறோம். இரண்டு இடத்திலும் நரம்பும் வலியும் உள்ள ஓர் உடம்பை யாரும் பார்க்கவில்லை; பெயரைத்தான் பார்த்தார்கள். மாட்டுக்கறி தின்பவனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஏரிக்கரையில் காட்டுமாட்டின் படத்தைப் பார்த்துக் கசிந்துருகும் கருணையை என்னால் ஏற்கமுடியாது.

நான் கறி தின்பவன். ஆகவே என்னைப் பார்த்துக் கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு, கேட்டான்: "பிராய்லர் கோழி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" பாவம் புண்ணியம் எனக்குத் தெரியாது. கொட்டகையில் நெருக்கியடித்து வளரும் கோழியின் வலி என் தட்டில் இருக்கிறது. அதை மறுத்தால் நான் பொய்யன். அதனால்தான் கோழிக்கடையின் முன் நின்று யாரும் நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். கொல்லவேண்டிய தேவை வரும்போது கொல்வது வேறு. கொலை தரும் இன்பத்துக்காகத் தேவையை ஜோடிப்பது வேறு.

தேவை வருகிறது என்பதும் உண்மை. பூம்பாறையில் பூண்டு போட்டவரையும் மன்னவனூரில் கேரட் போட்டவரையும் கேட்டால் இரவெல்லாம் தகரம் தட்டி விழித்த கதையைச் சொல்வார்கள். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் ஆறு மாத உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். அவர்களிடம் போய் ஜீவகாருண்யம் பேசுகிறவர், அவர்கள் நட்டத்தில் பங்கு எடுத்துக்கொண்டு பேசட்டும். அது இல்லாதபோது வயிற்றெரிச்சல் அவுட்டுக்காயாக மாறுகிறது. தீனிக்குள் வைத்த அந்த நாட்டு வெடியைக் கடித்த மிருகம் வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. பன்றிக்கு வைத்ததை யானையும் கடிக்கிறது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்ததை வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையிலோ பணம் கட்டி வருகிற விருந்தாளி கையிலோ துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. இதை நான் ஆதரிக்கிறேன். கொல்வதை நம்மால் தவிர்க்கமுடியாத இடத்தில் அது பயிற்சி பெற்றவரின் வேலையாக இருக்கட்டும், சரியான ரைஃபிளோடு, பார்வையாளர் இல்லாமல். ஆனால் எனக்கு இன்னொன்றும் வேண்டும். சுடப்பட்ட ஒவ்வொரு பன்றிக்கும் நேராக இரண்டு எண்களைப் பதிவேட்டில் எழுதவேண்டும்: எத்தனை குண்டு, முதல் குண்டிலிருந்து உயிர் போகும்வரை எத்தனை நிமிடம். அந்தப் பதிவேடு யார் கேட்டாலும் பார்க்கக் கிடைக்கவேண்டும். கணக்கு எழுதவேண்டும் என்று தெரிந்தால் அவசரப்பட்டுச் சுடும் விரல் கொஞ்சம் பொறுக்கும்.

காட்டுமாடு தழையை முடித்துவிட்டுச் சரிவில் இறங்கி வாட்டில் மரங்களுக்குள் போய்விட்டது. பாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவனிடம் கேட்டேன்.

"மாப்ள, நேத்து ராத்திரி காட்டினியே, அந்தப் பன்றி. அதுக்கு எத்தன குண்டு?"

"மூணு."

"எத்தன நிமிஷம்?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான்.

"மொத குண்டு வயித்துல பட்டுருச்சு மாமா. ஓடிருச்சு. அதுக்குள்ள இருட்டிருச்சு. மறுநாள் காலைலதான் கண்டுபிடிச்சோம்... அப்பவும் உசுரு இருந்துச்சு."