கொடுத்த சொல்லின் மறைவில்

ஒரு சொல்லைக் கொடுத்து, ஞாயிறு இரவுக்குள் முந்நூறு சொற்களில் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு வாரம் 'சாவி', இன்னொரு வாரம் 'கடைசிப் பேருந்து'. பெண்கள் நடத்தும் இப்படிப்பட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். இதெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் தமிழ்த்துறைகளிலும் உண்டு. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன மரபைப் பாடமாக நடத்துகிறவர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. காளமேகத்துக்குக் கொடுத்தால் சமசியை, கடையில் கணக்கெழுதும் பெண்ணுக்குக் கொடுத்தால் பொழுதுபோக்கு.

என்னை யோசிக்கவைப்பது வேறொன்று. கொடுக்கப்பட்ட சொல் பெண்ணுக்கு ஒரு சாக்கு. கணவனிடம் வாங்கிய அடியை எழுதிவிட்டு, "கதவுன்னு தலைப்பு கொடுத்தாங்க, அதான்" என்று சொல்லிவிடலாம். மாமியார் படித்தாலும் தம்பி படித்தாலும், பொருளைத் தேர்ந்தவள் அவளில்லை. இப்படி ஒளிந்துகொண்டு உண்மை பேசுவது நேர்மையா? சொந்தப் பெயரில், சொந்தத் துணிவில் எழுதுவதே பெண்ணெழுத்து என்று மேடைதோறும் பேசிவந்திருக்கிறோம். அந்த அளவுகோலில் இது கோழைத்தனம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழவு வீட்டு ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அழப்போனவள் செத்தவரை நாலு அடி பாடுவாள். அதற்குப் பிறகு பிறந்த வீட்டுக் குறையும் புகுந்த வீட்டில் பட்டதும் ராகத்தோடு வந்துவிடும். அந்தச் சாவுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட சொல். ஏன் நேரடியாகப் பேசவில்லை என்று அவளிடம் கேட்பதில் பொருளில்லை. பேச வேறு இடம் யார் கொடுத்தார்கள்?

1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். கூட்டத்தில் இருந்த மேரிக்கு அப்போது 18 வயது. முந்தைய ஆண்டுதான் குறைமாதத்தில் பிறந்த மகளைப் பறிகொடுத்திருந்தார். பைரனும் ஷெல்லியும் தொடங்கியதைப் பாதியில் விட்டார்கள். மேரி எழுதி முடித்த 'பிராங்கன்ஸ்டைன்' 1818-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. ஷெல்லி எழுதியது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். உயிரை உண்டாக்கிவிட்டு அதைக் கைவிட்டு ஓடுகிற ஒருவனின் கதையை எழுத, மழைநாள் விளையாட்டு ஒன்று அவருக்கு வாசலாக அமைந்தது.

மறைவு எப்போதும் காப்பாற்றுவதுமில்லை. அகப்பாடலில் ஒருவரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தோழி, துறை எல்லாமே முன்கூட்டிக் கொடுக்கப்பட்டவை. அந்தக் காப்புக்குள் இருந்துகொண்டு ஆண்புலவர்கள் தலைவியாக ஏங்கினார்கள். கபிலர் யாருக்காகக் காத்திருந்தார் என்று யாரும் துருவவில்லை. வெள்ளிவீதியாருக்கு அந்தக் காப்பு வாய்க்கவில்லை. அகநானூறு 147-இல், பிரிந்தவனைத் தேடிப் புறப்படத் துணியும் தலைவி தன்னை வெள்ளிவீதியோடு ஒப்பிடுவதாக ஔவையார் பாடினார். அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பாடல்களைச் சொந்தக் கதையாகவே பலரும் படித்துவந்திருக்கிறார்கள். குழுவில் ஒரு கதை வந்து விழுந்ததும் "இது நெசமா நடந்ததா?" என்று யாராவது கேட்கும்போது எனக்கு வெள்ளிவீதியார் நினைவுதான் வரும். (கவிதை எழுதுகிறவளிடம் இதைக் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறார்கள். படிமம் எங்களுக்கு முக்காடு.)

இதுவரை சொன்னது எழுதுகிறவளின் மறைவு. எழுதப்படுகிறவளுக்கு என்ன மறைவு இருக்கிறது? ஞாயிறு இரவு நெருங்க நெருங்க, கைக்கு எட்டுகிற வாழ்க்கையைத்தான் எடுக்கிறோம். 'துடைப்பம்' என்று சொல் வந்தால் நம் வீட்டில் வேலை செய்கிற அக்கா கதையாகிவிடுகிறார். குடிகாரப் புருஷன், படிப்பை நிறுத்திய மகள், நெஞ்சை உருக்கும் கடைசி வரி. அவர் அந்தக் குழுவில் இல்லை. தலைப்பு கொடுத்தார்கள் என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது. தன் துயரம் எடுத்தாளப்பட்டதே அவருக்குத் தெரியாது. பெயரை மாற்றிவிட்டேன் என்பதும் போதாது. அதே தெருவில் நாலு பேர் படிக்கிறார்கள்.

அதற்காகப் பிறர் வாழ்வைத் தொடவே கூடாது என்றால் கதையே இல்லை. தன்னைப் பற்றி மட்டுமே எழுதும் பெண் என்ற பழைய கூண்டுக்கே திரும்பிப்போவோம். ஆனால் நமக்கு நாம் தேடிக்கொண்ட மறைவை அவருக்கும் தேடித்தரக் கடமைப்பட்டிருக்கிறோம். ஊரை மாற்றலாம், நிகழ்ச்சியையே மாற்றலாம். சில நேரம் கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் அப்படிக் கேட்டார். 'தூளி' என்பது அந்த வாரச் சொல். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், உங்கள் விஷயத்தை வைத்து எழுதட்டுமா என்றிருக்கிறார். வேண்டாம் என்றாராம். நல்ல கதை போயிற்றே, கேட்காமலே எழுதியிருக்கலாம் என்று இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். அந்த ஞாயிறு பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினொரு கதைகள் வந்தன.