மழை பொய்த்த ஆண்டில் மேய்ச்சல் நிலம்

 

செத்துக் கிடக்கும் பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை, மறுமைக்கு அத்தாட்சியாக அல்லாஹ் திரும்பத் திரும்பக் காட்டுகிறான். அதை முதலில் கேட்ட அரபுகளுக்கு அது கண்ணால் கண்ட விஷயம்.

அந்த நிலத்தில் ஓர் ஆண்டு ஓடைகள் பெருகும். அடுத்த ஆண்டு மண்ணே நனையாது. அப்படியிருந்தும் இத்தனை வகைச் செடிகள் எப்படிப் பிழைத்தன? சில செடிகள் மழைக்குப் பின் சில வாரங்களிலேயே முளைத்து, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். அந்த விதைகள் எல்லாம் அடுத்த மழையிலேயே முளைத்துவிடாது. ஒரு பகுதி மண்ணுக்குள் உறங்கும். முளைத்தவை கருகினாலும் இனம் அழியாது. அர்ஃபஜ், துமாம் போன்றவை வேறு வகை. அவை ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து வறட்சியைத் தாங்கும். ஓர் ஆண்டு மழை இதற்கு வாய்க்கும், மறு ஆண்டு அதற்கு. சுப்ஹானல்லாஹ்!

ஆனால் வறண்ட ஆண்டில் மந்தை அங்கேயே நின்றால், செடி பூக்கும் முன்பே கடிபடும். விதை மண்ணுக்குத் திரும்பாது. கடைசியில் கால்நடை தொடாத செடிகள்தான் மிஞ்சும். முன்பு தண்ணீர் வற்றினால் மந்தை இடம்பெயர்ந்தாக வேண்டும். இப்போது லாரியில் தண்ணீரும் தீவனமும் வந்துவிடுகின்றன. நிலத்துக்கு ஓய்வே இல்லை.

அறியாமைக் காலத்தில் பலம் படைத்த தலைவர்கள் நல்ல மேய்ச்சலைத் தங்களுக்கென்று வளைத்துக்கொண்டார்கள். அதற்கு 'ஹிமா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்த உரிமையை ஒழித்து, நகீஃ என்ற இடத்தைப் பொதுத் தேவைக்காகப் பாதுகாத்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, ஹிமாவின் பொறுப்பாளர் ஹுனையிடம், சிறு மந்தைக்காரர்களை உள்ளே விடச் சொன்னார்கள். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். இருவருமே மூத்த ஸஹாபாக்கள், யோசித்துப் பாருங்கள்! அவர்களின் கால்நடை அழிந்தால் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது என்றார்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர்களே! குளிர்கால மழைக்குப் பின் விடுமுறையில் பாலைவனத்துக்குப் போவீர்கள். பச்சை தெரியும் இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். சக்கரம் இறுக்கிய மண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது. அடுப்புக்கு விறகு கையோடு கொண்டுபோங்கள். காய்ந்ததுபோல் நிற்கும் அர்ஃபஜ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.