எழுதப்பட்ட மௌனம்

இசைக்குழுவும் விளையாட்டு அணியும் ஒன்றே என்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியில் (1893) ஏறத்தாழ 40 நிமிட இசைக்குள் சிம்பல் தட்டுகள் ஒலிப்பது ஒரே முறை. ஆயினும் அந்த நெடிய மௌனம் கலைஞர்முன் உள்ள தாளிலேயே எழுதப்பட்டுள்ளது. அவர் அறிந்தே அதனை ஏற்கிறார்.

2014 உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில், கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக ஒரு கோலும் விடாதிருந்த நெதர்லாந்து வாயிற்காவலர் சிலெசன், 120 நிமிடங்கள் முடிந்த தறுவாயில் வெளியே அழைக்கப்பட்டார். மாற்றாக வந்த குருல் இரு பெனால்டி உதைகளைத் தடுத்தார், அணி வென்றது. இம்மாற்றம் சிலெசனுக்கு முன்னரே சொல்லப்படவில்லை. அவர் மனம் கலங்கலாகாது என்றே மறைத்ததாகப் பயிற்றுநர் ஃபான் ஹால் கூறினார்.

பொதுநன்மைக்காக ஒருவரது பங்கை அவரிடமே மறைப்பது முறையாகுமா? எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வெற்றிக் களிப்பில் யாரும் அதைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.