மெள்ள எரியும் இரும்பு

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இருக்கன்குடியில், பள்ளிச் சிறுவன் ஒருவன் மூன்று சீசாக்களில் ஆணிகளைப் போட்டு வைத்திருந்தான். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கண்டு எழுதிவர வேண்டுமாம். ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடும் உலர்ந்த காற்றும். இன்னொன்றில் கொதிக்க வைத்த தண்ணீர், காற்றுப் புகாமல் மேலே எண்ணெய். மூன்றாவதில் சாதாரணத் தண்ணீர், வாய் திறந்தபடி. மூன்றாவது ஆணி மட்டும் சிவந்து போயிருந்தது.

"காத்து மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யலை. தண்ணி மட்டும் இருந்தாலும் ஒண்ணும் செய்யலை. அப்போ தப்பு யாரு மேல தாத்தா?" என்றான்.

பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் எத்தனை வழக்குகளில் மனிதர்கள் தப்பித்துக்கொள்வது இந்தச் சந்தில்தான்!

துரு என்பதும் ஒருவகை எரிதலே. இரும்பு பிராணவாயுவோடு சேர்கிறது, சூடும் வெளிப்படுகிறது, மெள்ள நடப்பதால் நம் கைக்குத் தெரிவதில்லை. அதே இரும்பைத் தூளாக்கிக் கம்பி மத்தாப்பில் வைத்தால் அதே சேர்க்கை கண்ணிமைப்பில் முடிந்து பூவாய்ச் சிந்துகிறது. குழந்தைகள் கைகொட்டுகிறார்கள். முன்பே துருப்பிடித்த தூளானால் பூ இல்லை. எரிய வேண்டியது ஏற்கெனவே எரிந்துவிட்டது, பாருங்கள்.

இதில் பயங்கரமான பகுதி ஒன்று உண்டு. வெடி மருந்தில் கலந்த அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். கொஞ்சமாய் இருந்தால் சூடு வெளியேறிவிடும். குவியலாய்க் கிடந்தால் உள்ளேயே தங்கும், தங்கிய சூடு வேகத்தைக் கூட்டும், பிறகு தீ. வேகமான அழிவு மெதுவான அழிவின் வயிற்றிலேதான் வளருகிறது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. இம்மாதிரிச் சமயங்களில் நாம் தேடுவது கடைசிப் பொறியை. அளவுக்கு மீறி அடுக்கிய மருந்து, நெருக்கி உட்காரவைத்த ஆட்கள், தீபாவளிக்குள் முடிக்க வேண்டிய அவசரம், விலை குறையவேண்டும் என்கிற நம்முடைய ஆசை — தனித்தனிச் சீசாவில் பார்த்தால் எல்லாம் சாதுவாகத்தான் தெரியும். வாங்குகிற நாமும் ஒரு சீசாதான் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

மெதுவான கேட்டைக் கவனிக்க நமக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் கடற்காற்று அரித்துக்கொண்டே இருந்தது. தலைமுறை தலைமுறையாய்ச் சுரண்டி, வர்ணம் பூசி, அளந்து பார்த்தார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. பழைய பாலம் விழட்டும், பிறகு விசாரிப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை.