பொதுத்திடலும் புறத்துப் பிள்ளையும்

தில்லியில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்பன பெரும்பாலும் தனியார் பள்ளிகளே. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சொல்மரபு அது. அமெரிக்காவிலோ அதே சொல், ஊரார் வரிப்பணத்தில் கட்டணமின்றி நடைபெறும் பொதுப்பள்ளியைக் குறிக்கும். இச்சொல் மயக்கத்தை முதற்கண் விலக்கிவிடுதல் நலம். ஏனெனில் நாம் ஆராயப் புகும் வினா அந்நாட்டு மண்ணில் எழுந்தது. தனியார் பள்ளியில் பயிலும் மாணவன், தான் பயிலாத பொதுப்பள்ளியின் விளையாட்டுக் குழுவிலும் இசைக்குழுவிலும் இடம் கேட்கலாமா என்பதே அவ்வினா. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே குடியேறிவிட்ட இந்நாளில் இது நமக்கு முற்றும் அயலான செய்தி அன்று. அன்றியும், நம் சங்கத்தின் வாயிலிலேயே இவ்வினா வேறு உருவில் நிற்கின்றது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் உரிமை பெற்றோர்க்கு உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டிலேயே உறுதி செய்தது. பிரிந்து செல்லலாம் என்பது அன்றே முடிந்தது. பிரிந்து சென்றவர் ஒரு பங்கைக் கேட்டுத் திரும்பி வரலாமா என்பதே பின்னர் எழுந்தது. வீட்டிலிருந்தே கல்வி கற்கும் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளித் திடலை ஃபுளோரிடா மாநிலம் 1996-இல் திறந்துவிட்டது. அவ்வழியே ஆடி வளர்ந்த டிம் டீபோ 2007-இல் கல்லூரிக் கால்பந்தின் பெரும்பரிசான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். அதன்பின் பல மாநிலங்களில் இத்தகைய சட்டமுன்வடிவுகள் அவர் பெயராலேயே வழங்கலாயின. ஒகையோ மாநிலம் 2013-இல் மேலும் ஓர் அடி வைத்தது. தனியார் பள்ளி மாணவனும், தன் பள்ளியில் அவ்விளையாட்டு இல்லையாயின், தான் வாழும் வட்டாரத்துப் பொதுப்பள்ளியில் சேர்ந்து ஆடலாம் என்றது. வர்ஜீனியாவிலோ 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகள் சட்டமன்றம் இத்தகைய முன்வடிவை நிறைவேற்ற, ஆளுநர் மூன்று முறையும் மறுத்துவிட்டார். கற்றறிந்தோரே இருதிறத்தும் நின்று வாதிடும் வழக்கு இது.

‘நாங்களும் வரி செலுத்துகிறோமே’ என்பது பெற்றோரின் முதல் வாதம். அங்கே பொதுப்பள்ளியின் செலவில் கணிசமான ஒரு பகுதி வீட்டுக்கும் நிலத்துக்கும் விதிக்கப்படும் வரியால் நடப்பதாதலின், வாதம் வலுவுடையது போலத் தோன்றும். ஆயினும் வரி என்பது நுழைவுச்சீட்டின் விலையா? பிள்ளைப்பேறு இல்லாதவரும் அவ்வரியைச் செலுத்துகின்றனர். தீயணைப்பு நிலையத்துக்கு வரி கொடுத்தவர், தம் வீடு எரியவில்லையே என்று பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஊர்ப்பிள்ளைகள் கற்கவேண்டும் என்பதற்காக ஊர் தரும் பொருள் அது. இவ்வாதத்தில் நாம் நெடிது நிற்க வேண்டுவதில்லை.

நெடிது நிற்க வேண்டிய இடம் வேறு. பாட்டுக்குழுவில் நாற்பது பேர் பாடுமிடத்தில் நாற்பத்தோராவது குரல் சேர்ந்தால் எவரும் வெளியேற வேண்டுவதில்லை. கால்பந்துக் குழுவிலோ இடம் பதினொன்றே. வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்தால், உள்ளே இருந்த ஒருவன் விளிம்பில் அமர்கின்றான். அவன் அப்பள்ளியின் ஒழுகும் கூரையையும், நெருக்கமான வகுப்பறையையும், மாறி மாறி வரும் ஆசிரியரையும் பொறுத்துக்கொண்டவன். அவனுக்கு அப்பள்ளி தந்த இன்பம் ஒருவேளை மாலைநேரத்துத் திடல் ஒன்றாகவே இருந்திருக்கலாம். வந்தவனோ பகலெல்லாம் நல்ல ஆய்வுக்கூடமும் நல்ல நூலகமும் துய்த்துவிட்டு, மாலையில் இதனையும் கேட்கின்றான். திறமையால் வென்றான் என்பது மெய்யே. ஆனால் போட்டி எங்கே தொடங்கியது என்பதையும் நோக்க வேண்டும் அன்றோ? டெக்சாஸ் மாநிலம் 1984-இல், பாடத்தில் தேறாதவன் ஆடலாகாது என்று விதித்தது. அத்தகைய விதி உள்ள இடத்தில், ஒருவன் மதிப்பெண்ணை ஒரு பள்ளியும் மற்றவன் மதிப்பெண்ணை வேறொரு பள்ளியும் இடுமாயின், அளவுகோலும் ஒன்றாக இராது.

இத்தனையும் பெற்றோரை நோக்கிக் கூறத்தக்கவை. பிள்ளையை நோக்கினால் நம் குரல் தாழ்ந்துவிடுகின்றது. பள்ளியைத் தேர்ந்தது அவன் அல்லன். தந்தையின் அச்சமோ, சமயப் பற்றோ, பெருமையோ அவனை அங்கே கொண்டுபோய் அமர்த்தியது. அவன் காலுக்கு வேண்டுவது ஒரு திடல் மட்டுமே. டீபோ வேறு மாவட்டத்துப் பள்ளிக்காக ஆடும்பொருட்டு, அன்னையுடன் அங்கே குடிபெயர்ந்தார். நம் பம்பாயிலும் அதுவே நிகழ்ந்தது. சச்சின் டெண்டுல்கர் என்னும் சிறுவன் ஆட்டத்துக்காகவே தாதரிலுள்ள சாரதாசிரம வித்யாமந்திருக்கு மாறி, சிவாஜி பூங்காவுக்கு அருகே உறவினர் வீட்டில் தங்கினான். 1988-இல் ஆசாத் மைதானத்தில் காம்பிளியுடன் இணைந்து 664 ஓட்டங்கள் குவித்தது அப்பள்ளிக்காகத்தான். திடலுக்காக வீட்டையே மாற்றும் வேட்கை சிறுவர்க்கு உண்டு. அதன்முன் கதவைச் சாத்துவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

ஆதலின் கதவு திறக்கட்டும் என்பதே எம் கருத்து. ஆனால் இருபுறமும் திறக்கட்டும். ஒகையோச் சட்டம் தனியார் பள்ளியின் நீச்சற்குளத்தைப் பொதுப்பள்ளி மாணவனுக்குத் திறந்துவிடுமாறு பணிக்கவில்லை. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும் என்றபோது, அப்பள்ளிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தன. 2012-இல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறாப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பொதுவானதில் பங்கு கேட்கும் நாவும், தன்னுடையதில் பங்கு மறுக்கும் நாவும் பல வேளைகளில் ஒரே வாயில் இருக்கின்றன.

இனி நம் வாயிலுக்கு வருவோம். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன. நம்முள் வசதி படைத்தோர் பலர் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. அது அவர்தம் உரிமை. ஆனால் திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப்போட்டி, பாட்டுப்போட்டி என்று வரும்போது அப்பிள்ளைகளும் வருகின்றனர். வீட்டில் தனியாசிரியர் வைத்துப் பயிற்றப்பட்டு வருகின்றனர். வரட்டும்! தமிழை நாடி வரும் குழந்தையைத் தடுப்பது சங்கத்தின் வேலை அன்று. ஆயின் மேடையில் பரிசு பெறும் மகளுக்காகக் கைதட்டும் தந்தை, தமிழ்ப்பள்ளியின் ஆண்டுவிழாவில் எத்தனை முறை அமர்ந்திருக்கின்றார்? அங்கே தமிழாசிரியர் இடம் ஒன்று காலியாகுமாயின், அது நிரம்பும்வரை மனு எழுதி அலுவலகப் படியேற அவர் முன்வருவாரா? பிரிந்து சென்றவரோடு அவர்தம் செல்வாக்கும் பிரிந்து செல்கின்றது; பொதுப்பள்ளி இழப்பது மாணவனை மட்டுமன்று, அவனுக்காகப் பேசும் ஒரு தந்தையையும்தான். பிள்ளை மாலைப்பொழுதில் திரும்பி வரும்போது அத்தந்தையும் உடன் வருவாராயின், விளிம்பில் அமர்ந்த சிறுவனுக்கும் அவ்வரவால் ஏதேனும் கிடைக்கக்கூடும்.